ஆழாக்கும் ஏட்டுக் கணக்கும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய வட்டத்தின் மேடையில் கணக்குக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். அங்ஙனம் ‘எண்ணுகிற’ அச்சொல்லிலேயே விடை இருக்கிறது. தமிழில் எண்ணுதல் என்பது கருதுதலையும் குறிக்கும், தொகையிடுதலையும் குறிக்கும். சிந்தனைக்கும் எண்ணிக்கைக்கும் ஒரே சொல்லை வழங்கிய மொழி நம் மொழி. வள்ளுவப் பெருந்தகையும் கல்வியைப் பற்றிப் பேசும்போது எண்ணை முன்னும் எழுத்தைப் பின்னும் வைத்து, இரண்டையும் மனிதரின் இரு கண்களாகக் காட்டினார். எழுத்தைப் பற்றிப் பத்தாண்டுகள் பேசிய மன்றம், மற்றொரு கண்ணைப் பற்றி ஒரு மாலைப்பொழுது பேசுவது பொருத்தமே ஆகும்.

பள்ளிக்கரணையில் ஏதேனும் ஒரு வீட்டை மனத்திற் கொள்ளலாம். விருந்தினர் வந்திருக்கின்றனர். உண்போர் ஏழு பேர். அடுக்களையில் ஆயா அரிசி அளக்கிறார். ஆளுக்கு ஓர் ஆழாக்கு என்பது அவர் கைக்கணக்கு. அவர் ஏழு முறை அளப்பதில்லை. ஒரு படியை நிறைய அளந்து, அதிலிருந்து ஓர் ஆழாக்கை எடுத்து மீண்டும் பானையில் இடுகிறார். வேலை முடிந்தது. கூடத்தில் நான்காம் வகுப்புப் படிக்கும் பேரன் வீட்டுப்பாடத்தின் முன் அமர்ந்து விழிக்கிறான். ஒன்றிலிருந்து எட்டில் ஒன்றைக் கழி என்று ஏடு ஆங்கிலத்தில் கேட்கிறது. அவனுக்கு விடை தெரியவில்லை. “ஆயா, இந்தக் கணக்கு எப்படிப் போடுறது?” என்கிறான். “எனக்கு ஏதுப்பா கணக்கு? நான் என்ன படிச்சவளா?” என்கிறார் ஆயா.

ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு. ஒன்றிலிருந்து எட்டில் ஒன்றைக் கழித்தலைத்தான் அவர் அப்பொழுது செய்து முடித்தார். விடை அடுக்களையில் இருக்கிறது. வினா கூடத்தில் இருக்கிறது. இடையே ஒரு நிலைப்படிதான். ஆயினும் இரண்டும் சந்திக்கவில்லை. தமக்குக் கணக்குத் தெரியாது என்று ஆயா நம்புகிறார். தன் வீட்டில் கணக்கு இல்லை என்று பேரன் நம்புகிறான். இவ்விரு நம்பிக்கைகளும் பொய் என்பதனை நிறுவுவதும், அந்த நிலைப்படியைக் கடக்கும் வழி யாது என்று ஆராய்வதும் இவ்வுரையின் நோக்கமாகும்.

திண்ணையில் இருந்த கணக்கு

தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் ஆகியன பாடங்களாக இருந்தன. பொன்னிலக்கம் எண்களையும் பின்னங்களையும் கற்பித்தது. நெல்லிலக்கம் முகத்தல் அளவைகளைக் கற்பித்தது. அஃதாவது, பிள்ளை கற்ற பாடமும் வீட்டில் புழங்கிய மரக்காலும் ஒரே சொற்களைப் பேசின. 360 நெல் ஒரு செவிடு. 5 செவிடு ஓர் ஆழாக்கு. 2 ஆழாக்கு ஓர் உழக்கு. 2 உழக்கு ஓர் உரி. 2 உரி ஒரு நாழி, அதுவே படி. 8 நாழி ஒரு குறுணி, அதுவே மரக்கால். 12 மரக்கால் ஒரு கலம். இவ்வாய்பாட்டின்படி ஒரு படியில் 14,400 நெல் அடங்கும். இதனை ஒப்பித்த சிறுவன் மாலையில் களத்துமேட்டுக்குச் சென்றால் தான் ஒப்பித்ததையே அங்குக் கண்ணாற் கண்டான்.

காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரம் என்னும் நூலும் இவ்வகையில் நோக்கத்தக்கது. பலாப்பழத்தை அறுக்காமலே சுளைகளின் எண்ணிக்கையை அறிய அந்நூல் ஒரு வழி கூறுகிறது. காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும் என்பதே அவ்வழி. இது எல்லாப் பழத்துக்கும் பொருந்துமா என்ற ஐயம் எழலாம். அந்த ஐயமே பாடத்தின் தொடக்கம். ஆனி மாதத்தில் ஒரு பலாப்பழம் வீட்டுக்கு வரும்போது, முள்ளை எண்ணி விடையை எழுதி வைத்துவிட்டு, பின்னர் அறுத்துச் சுளையை எண்ணிப் பார்க்கும் பிள்ளை, பெருக்கலையும் வகுத்தலையும் மட்டும் கற்பதில்லை. ஒரு விதியைச் சொன்னவர் எத்துணைப் பெரியவராயினும் சோதித்த பின்னரே ஏற்க வேண்டும் என்பதனையும் கற்கிறது.

திண்ணைப் பள்ளியின் முறை கடல் கடந்தும் சென்றது. சென்னை எழும்பூரில் இருந்த படைவீரர்களின் ஆண் குழந்தைகளுக்கான அனாதை இல்லத்தின் பொறுப்பை 1789-இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு வியந்து அதனைத் தம் இல்லத்தில் புகுத்தினார். மூத்த பிள்ளைகளைக் கொண்டு இளைய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வைத்தார். நம்மூர்ச் சட்டாம்பிள்ளை முறையும் அதுவே. அவர் 1797-இல் இதனை நூலாக வெளியிட்ட பின்னர், ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் அது பரவிற்று. செலவின்றிக் கிடைக்கும் மணல் ஒரு கல்விக் கருவியாக உலகை வலம் வந்த வரலாறு இது.

எனினும் பழமையைப் போற்றும்போது அதன் குறையை மறைத்தல் ஆகாது. திண்ணைப் பள்ளியின் வாயில் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. பெண்மக்களும் ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகளும் பெரும்பாலும் புறத்தே நின்றனர். பிரம்பு தாராளமாகப் பேசிற்று. பொருள் விளங்காத மனப்பாடமும் மிகுதி. ஆதலால் அன்றைய பள்ளியை அப்படியே மீட்பது நம் வேலை அன்று. வீட்டுக்கும் ஏட்டுக்கும் இடையே அன்று இருந்த உறவை எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதாக்குவதே நம் வேலை.

அடுக்களை என்னும் கணிதக்கூடம்

1957 ஏப்ரல் முதல் நாள் தசம நாணயம் வந்தது. அதனை அடுத்த ஆண்டுகளில் மெட்ரிக் அளவைகள் வந்தன. ஆழாக்கும் உழக்கும் அங்காடியை விட்டு நீங்கின. ஆயினும் பல வீடுகளின் அரிசிப் பானைக்குள் அவை இன்னும் இருக்கின்றன. அவை இல்லாத வீட்டில் ஒரு டம்ளரை ஆழாக்காகக் கொள்ளலாம். இரண்டு டம்ளர் உழக்கு, நான்கு உரி, எட்டு படி. ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என இரட்டித்துச் செல்லும் இவ்வரிசையைத் திருப்பிப் பார்த்தால் முழுமை, பாதி, கால், அரைக்கால் எனப் பின்னங்கள் இறங்கி வருகின்றன. நீரை ஊற்றி ஊற்றிப் பார்த்த பிள்ளைக்கு, இரண்டு கால்கள் சேர்ந்தால் அரை என்பதனை யாரும் மெய்ப்பிக்க வேண்டுவதில்லை.

டவராவும் டம்ளரும் மற்றொரு பாடத்தைத் தாங்கியுள்ளன. நெடிய டம்ளரில் இருந்த பாலை அகன்ற டவராவில் ஊற்றினால், நான்கு வயதுக் குழந்தை ‘பால் குறைந்துவிட்டது’ என்று அழுவதுண்டு. இது பிடிவாதம் அன்று. வடிவம் மாறினாலும் அளவு மாறாது என்னும் அறிவு குழந்தைக்குப் பிறவியிலேயே வாய்ப்பதன்று, படிப்படியாக உருவாவது என்பதனை ஸ்விட்சர்லாந்து நாட்டு உளவியலறிஞர் ஜான் பியாஜே தம் ஆய்வுகளால் காட்டினார். அழும் குழந்தையை அதட்டாமல், பாலைத் திரும்ப டம்ளரிலேயே ஊற்றிக் காட்டும் தாய் அந்த அறிவு உருவாகத் துணை செய்கிறார்.

இட்லித் தட்டு பெருக்கலைக் கற்பிக்கும். தட்டுக்கு நான்கு குழி, மூன்று தட்டு எனின் பன்னிரண்டு இட்லி. உண்போர் ஐவர் எனின் ஆளுக்கு இரண்டு போக இரண்டு மீதம். ஈவு, மீதி என்று ஏடு கூறும் இரண்டும் இங்கே ஆவி பறக்கக் காத்திருக்கின்றன. மீந்த இரண்டை ஐவர் எவ்வாறு பங்கிடுவது என்று கேட்டால் பின்னமும் வந்துவிடும்.

அஞ்சறைப் பெட்டியைத் திறந்தால் ஒரு வியப்பு உண்டு. பெயர் அஞ்சறை, ஆனால் இன்று பரவலாகக் கிடைக்கும் வட்டப் பெட்டியில் கிண்ணங்கள் ஏழு. நடுவே ஒன்று, சுற்றிலும் ஆறு. ஏன் ஐந்து இல்லை, ஏன் எட்டு இல்லை? ஒரே அளவான நாணயங்களைத் தரையில் வைத்துப் பார்த்தால் விளங்கும். ஒரு நாணயத்தைச் சுற்றி அதனைத் தொட்டுக்கொண்டு ஆறு நாணயங்கள் இடைவெளியின்றிப் பொருந்தும். ஏழாவதற்கு இடம் இராது. எந்த நாணயமாயினும் ஒரே அளவினதாயின் எண்ணிக்கை ஆறுதான். கடுகும் சீரகமும் இருக்கும் பெட்டிக்குள் வடிவியலின் உண்மை ஒன்று இருப்பதனைக் கண்ட குழந்தை அதனை மறவாது.

தெருவில் பூ விற்கும் அம்மையாரின் முழமும் ஒரு பாடமே. அவர் கைக்கு நான்கு முழம் வரும் சரம், குழந்தையின் கைக்கு ஐந்து முழமோ ஆறு முழமோ வரும். சரம் நீளவில்லை, முழம் சிறுத்தது. அளக்கும் கருவி சிறியதாயின் அளவெண் பெரியதாகும் என்னும் நுட்பமும், ஊருக்கெல்லாம் பொதுவான அளவுகோல் ஏன் வேண்டும் என்னும் காரணமும் ஒரு முழம் மல்லிகையில் அடங்கும்.

ஆட்டத்தில் அடங்கிய அறிவு

விளையாட்டுகளுள் பல்லாங்குழி முதலிடம் பெறத்தக்கது. ஏழேழாக இரு வரிசையில் பதினான்கு குழிகள். குழிக்கு ஐந்து புளியங்கொட்டை எனின் எழுபது. ஆறு எனின் எண்பத்து நான்கு. ஒரு குழியில் நான்கு சேர்ந்தவுடன் அதனைப் ‘பசு’ என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. நான்கை எண்ணாமலே கண்டறியும் பார்வைக் கூர்மை இதனால் வளர்கிறது. கையில் உள்ள கொட்டைகளை இட்டுச் சென்றால் எக்குழியில் முடியும், அதற்கடுத்த குழி வெற்றாக இருக்குமா என்று முன்னதாகவே கணித்தால்தான் வெல்ல முடியும். ஆகவே கூட்டலும் தொலைநோக்கும் ஒருங்கே பயிலப்படுகின்றன.

அஞ்சாங்கல்லில் ஒரு கல் மேலே செல்ல, தரையில் நான்கு கற்கள் கிடக்கின்றன. முதற்சுற்றில் ஒவ்வொன்றாகவும், அடுத்து இரண்டிரண்டாகவும், பின்னர் மூன்றும் ஒன்றுமாகவும், இறுதியில் நான்கையும் ஒருசேரவும் வாரி எடுக்க வேண்டும். நான்கு என்னும் எண்ணை எத்தனை வகையாகப் பிரிக்கலாம் என்பதனைக் கை கற்றுக்கொள்கிறது. முதல் வகுப்பு ஏடு படம் வரைந்து கற்பிக்க முயல்வதும் இதனையே.

தாயக்கட்டையின் நுட்பம் இன்னும் சுவையானது. சுழி, ஒன்று, இரண்டு, மூன்று எனப் புள்ளியிட்ட நான்கு முகங்கள். அத்தகைய கட்டைகள் இரண்டு. தாயம் போட்டால்தான் காய் இறங்கும். ஆனால் தாயம் எளிதில் விழாது. ஏன்? இரு கட்டைகளும் விழக்கூடிய வகைகள் பதினாறு. அவற்றுள் தாயம் விழும் வகைகள் இரண்டே: முதற்கட்டை ஒன்றும் மற்றது சுழியும், அல்லது முதற்கட்டை சுழியும் மற்றது ஒன்றும். மூன்று விழும் வகைகளோ நான்கு. ஆறு விழுவதற்கும் பன்னிரண்டு விழுவதற்கும் ஒவ்வொரு வகையே உண்டு. ஒரு மாலை முழுதும் உருட்டி, விழுந்தவற்றைக் கரிக்கோடு இட்டுக் குறித்துவரும் பிள்ளைகள், மூன்று அடிக்கடி விழுவதனைத் தாமே காண்பர். ‘ராசி இல்லை’ என்று நொந்துகொள்ளும் இடத்தில் ‘பதினாறில் இரண்டு’ என்று சொல்லக் கற்ற பிள்ளை, நிகழ்தகவு என்னும் பாடத்தின் வாயிலில் கால் வைத்துவிட்டது.

வாயிற்கோலமும் தாம்பரத்து ஆய்வும்

புள்ளிக்கோலத்தில் இடைப்புள்ளி ஏழு தொடங்கி ஒன்று வரை என்று தாய்மார்கள் சொல்வர். நடுவில் ஏழு புள்ளி. மேலும் கீழும் ஆறு, ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று. மொத்தம் எத்தனை? கூட்டினால் நாற்பத்தொன்பது வரும். ஆனால் தலையைச் சற்றே சாய்த்து நோக்கினால் அக்கோலம் ஏழுக்கு ஏழாக அமைந்த கட்டம் என்பது தெரியும். கூட்டவே வேண்டாம், ஏழேழ் நாற்பத்தொன்பது. ஐந்து தொடங்கினால் இருபத்தைந்து. பத்து தொடங்கினால் நூறு. நேர்ப்புள்ளி ஏழு தொடங்கினால் வேறொரு செய்தி கிடைக்கும். மேலிருந்து நடுவரிசை வரை ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு. இவற்றின் கூடுதல் பதினாறு, அஃதாவது நான்கு நான்கு. எஞ்சிய ஐந்து, மூன்று, ஒன்று சேர்ந்து ஒன்பது, அஃதாவது மூன்று மூன்று. ஒற்றைப்படை எண்களை ஒன்று முதல் வரிசையாகக் கூட்டினால் சதுர எண் கிடைக்கும் என்னும் விதி வாசலில் மாவால் எழுதப்பட்டிருக்கிறது.

இதனைக் கற்றறிந்தோர் உலகுக்குக் காட்டியவர்கள் தொலைவில் இல்லை. பள்ளிக்கரணைக்கு அண்மையிலுள்ள தாம்பரத்தில், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய பேராசிரியர் கிப்ட் சிரோமணி, இராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருதிவாசன் அவர்களும் 1974-இல் கோலத்தைப் பற்றி ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர். கோலம் ஒரு மொழி போன்றது, அதற்கும் இலக்கணம் உண்டு, சில விதிகளைக் கொண்டு அதனைப் படிப்படியாகப் பிறப்பிக்கலாம் என்று அவர்கள் காட்டினர். கணிப்பொறி அறிவியலில் அவ்வாய்வு ஓரிடம் பெற்றது. சொல்லுக்கு இலக்கணம் கண்ட நாட்டில் கோலத்துக்கும் இலக்கணம் காணப்பெற்றமை இலக்கிய அன்பர்கள் மகிழ வேண்டிய செய்தியாகும். நாள்தோறும் விடியலில் கோலமிட்ட பெண்கள் பலர் ‘கணக்கு வராதவர்கள்’ என்று பெயர் பெற்றிருந்தனர் என்பதனையும் அம்மகிழ்ச்சிக்கிடையே மறத்தல் கூடாது.

பொருள் மட்டும் போதுமா?

இதுகாறும் கூறியவற்றைக் கேட்போர், வீட்டில் பொருள்களைக் கொடுத்து விளையாட விட்டால் பிள்ளைக்குக் கணக்குத் தானே வந்துவிடும் என்று கருதக்கூடும். அக்கருத்து முற்றிலும் சரியன்று.

பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரில் தெருவில் வணிகம் செய்த சிறுவர் சிறுமியர் ஐவரை ஆராய்ந்து 1985-இல் வெளிவந்த கட்டுரை ஒன்று புகழ்பெற்றது. விற்பனையின்போது கேட்ட கணக்குகளில் அவர்கள் நூற்றுக்கு 98 விழுக்காடு சரியான விடை கூறினர். அதே கணக்குகளை வெறும் எண்களாகத் தாளில் தந்தபோது 37 விழுக்காடே சரியாயிற்று. 35 குருசேரோ விலையுள்ள தேங்காய் பத்துக்கு விலை கேட்டபோது, பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் மும்மூன்றாகக் கூட்டி வந்து விடை சொன்னான். பத்தால் பெருக்கச் சுழியைச் சேர்த்தால் போதும் என்ற பள்ளி விதி அவனுக்குக் கைகொடுக்கவில்லை.

நம் நாட்டிலும் இதே உண்மை அண்மையில் உறுதிப்பட்டது. கொல்கத்தாவிலும் தில்லியிலும் அங்காடிகளில் வேலை செய்யும் 1,436 சிறார்களை ஆராய்ந்த கட்டுரை 2025-இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோரும் அவ்வாய்வில் பங்கு கொண்டனர். அங்காடிச் சிறார் பலர் விற்பனைக் கணக்குகளை மனத்திலேயே திறம்படச் செய்தனர்; ஆனால் அதே அளவு எளிய கணக்கைப் பள்ளி முறையில் எழுதித் தந்தபோது தடுமாறினர். அங்காடி அனுபவம் இல்லாத 471 பள்ளிப் பிள்ளைகளிடமோ நிலை தலைகீழாக இருந்தது. அங்காடிச் சிறார் மூவரில் ஒருவருக்கு மேல் சரியாகச் செய்த ஒரு கணக்கைப் பள்ளிப் பிள்ளைகளுள் நூற்றுக்கு ஒருவரே செய்ய முடிந்தது.

ஆக, வீட்டுக் கணக்கு தானாக ஏட்டுக் கணக்காக மாறுவதில்லை. ஏட்டுக் கணக்கும் தானாக வாழ்க்கைக்கு வருவதில்லை. பள்ளிக்கரணையின் ஆயாவும் பேரனும் விதிவிலக்கல்லர். இரண்டையும் இணைக்க ஒரு பாலம் வேண்டும். அப்பாலம் எது?

பாலமாகும் சொல்

விடைக்கு ஒரு சிறு குறிப்பு அமெரிக்க நாட்டு ஆய்வுகளில் கிடைக்கிறது. கீதா ரமணி, ராபர்ட் சீக்ளர் ஆகிய இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், வசதி குறைந்த குடும்பத்துச் சிறு குழந்தைகள் ஒன்று முதல் பத்து வரை வரிசையாக எண்ணிட்ட கட்டங்களில் காய் நகர்த்தி விளையாடினர். இரு வாரங்களில் நான்கே அமர்வுகள். அவர்களின் எண்ணறிவு தெளிவாக உயர்ந்தது. ஒன்பது வாரம் கழித்தும் அவ்வுயர்வு நிலைத்தது. எண்ணுக்கு மாறாக வண்ணம் மட்டும் தீட்டிய கட்டத்தில் விளையாடிய குழந்தைகளிடம் அப்பயன் காணப்படவில்லை. எண்ணைச் சொல்லும் முறையும் பயனை மாற்றும் என்பது பின்வந்த ஆய்வில் தெரிந்தது. ஐந்தாம் கட்டத்தில் உள்ள காயை இரண்டு கட்டம் நகர்த்தும் குழந்தை ‘ஒன்று, இரண்டு’ என்று சொல்வதினும் ‘ஆறு, ஏழு’ என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர்த்துவதே மிகுந்த பயன் தந்தது. ஆட்டம் ஒன்றுதான், சொல் மாறியதால் கல்வி மாறிற்று. சுண்ணக்கட்டியால் தரையில் பத்துக் கட்டம் வரைய எந்த வீட்டிலும் இடமுண்டு.

தமிழ்ச் சொற்களோ இப்பணிக்கென்றே அமைந்தவை எனலாம். ‘பதினொன்று’ என்பதில் பத்தும் ஒன்றும் தெரிகின்றன. ‘இருபது’ என்பதில் இரண்டு பத்துகள் தெரிகின்றன. ஆங்கிலத்தின் ‘லெவன்’, ‘டுவெல்வ்’ என்பன இவ்வாறு தம் உள்ளமைப்பைக் காட்டுவதில்லை. தமிழிலும் ஓரிடத்தில் குழந்தை இடறும். எண்பத்தொன்பதுக்குப் பின் வரும் எண்ணின் பெயரில் நூறு ஒட்டிக்கொண்டிருக்கிறது: தொண்ணூறு. தொள்ளாயிரத்தில் ஆயிரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்பதும் பத்தும் சேர்ந்து தொண்ணூறு ஆகும் வகையைத் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் விதியாகவே வகுத்தார். அளவுப் பெயர்களும் நிறைப் பெயர்களும் எவ்வெழுத்துகளில் தொடங்கும் என்பதனையும் அவர் எண்ணி, ஒன்பது எழுத்துகள் என்றார். இலக்கணப் பேராசானுக்கே தனிவிதி தேவைப்பட்ட இடத்தில் ஐந்து வயதுக் குழந்தை இடறினால் அதற்குக் குட்டு எதற்கு? ‘நூறு வீட்டின் வாசலில் நிற்பதால் அதன் பெயரைச் சூடிக்கொண்டது தொண்ணூறு’ என்று சொன்னால் குழந்தை சிரிக்கும், நினைவிலும் வைத்துக்கொள்ளும்.

பின்னங்களுக்கு வந்தால் தமிழின் தெளிவு இன்னும் மிகும். ‘அரைக்கால்’ என்றால் காலில் அரை. அரையைக் காலால் பெருக்கினால் எட்டில் ஒன்று என்னும் பின்னப் பெருக்கல் அச்சொல்லுக்குள்ளேயே நிகழ்ந்து முடிந்திருக்கிறது. அதிலும் பாதி வீசம், பதினாறில் ஒன்று. ஆழாக்கு என்பது அரைக்கால் படி. ஏழு பேருக்கு அளந்த அரிசி முக்காலே அரைக்கால் படி. பேரனின் ஏடு கேட்ட விடை, எட்டில் ஏழு, இதுவே.

இன்று சென்னையின் தென்புறநகர்களில் பிள்ளைகள் பலர் எண்களை ஆங்கிலத்தில் மட்டுமே அறிந்திருக்கின்றனர். காய்கறிக்காரர் ‘நாற்பத்தேழு’ என்றால், ‘அப்படின்னா எவ்வளவு?’ என்று தாயைக் கேட்கும் பிள்ளைகள் உண்டு. ஆங்கிலம் கற்பதில் பிழையில்லை. ஆனால் வீட்டின் எண்கள் ஒரு மொழியிலும் ஏட்டின் எண்கள் மற்றொரு மொழியிலும் இருக்குமாயின், பாலம் கட்ட வேண்டிய இடத்தில் பள்ளம் ஆழமாகும். இரு மொழியிலும் எண்ணச் செய்வதே தக்க வழி. ‘அரைக்கால்’ என்று சொல்லி, டம்ளரைக் காட்டி, எட்டில் ஒன்று என்று எழுதி, ஆங்கிலப் பெயரையும் உடன் சொன்னால் நான்கும் ஒன்றே என்பது விளங்கும். கை செய்ததை வாய் சொல்லி, வாய் சொன்னதை விரல் எழுத வேண்டும். மூன்றில் ஒன்று விடுபட்டாலும் பாலம் முழுமை பெறாது.

அதனினும் முதன்மையானது வினா. ‘விடை என்ன?’ என்று கேட்பதினும் ‘எப்படித் தெரிந்தது?’ என்று கேட்பது நன்று. தவறான விடைக்கும் இவ்வினாவைக் கேட்கலாம். சரியான விடைக்கும் கேட்கலாம். இதற்குக் கேட்பவர் கணிதம் பயின்றிருக்க வேண்டுவதில்லை; செவிசாய்க்கும் பொறுமை இருந்தால் போதும்.

பள்ளிகள் செய்தனவும் மன்றங்கள் செய்யக்கூடியனவும்

இந்நெறியில் சென்னை பின்தங்கி நின்றதில்லை. மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் அடையாற்றுக்கு வந்து, கைவழிக் கல்வியை ஆசிரியர்களுக்குப் பயிற்றுவித்தார். முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியின் கணித ஆசிரியர் பி. கே. சீனிவாசன், செலவில்லா எளிய பொருள்களைக் கொண்டு கணிதம் கற்பிப்பதையே வாழ்நாட்பணியாகக் கொண்டார். 1993-இல் இராயபுரத்தில் அமைந்த இராமானுஜன் அருங்காட்சியகத்துக்கும் அவர் வழிகாட்டியாக விளங்கினார். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், சில ஆண்டுகளில் மாநிலம் முழுதும் பரவிற்று. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்ததால் நேர்ந்த இழப்பை ஈடுசெய்ய 2022-இல் தமிழக அரசு தொடங்கிய திட்டத்துக்கு ‘எண்ணும் எழுத்தும்’ என்றே பெயர்.

பள்ளிகள் செய்வதைப் பள்ளிகள் செய்யட்டும். இலக்கிய மன்றம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பதினோராம் ஆண்டில் திங்களுக்கு ஒரு மாலை, பேரப்பிள்ளைகளோடு ஆயாக்களையும் தாத்தாக்களையும் அழைக்கலாம். அவர்கள் அறிந்த அளவைச் சொற்களையும் விடுகதைக் கணக்குகளையும் ஆட்ட விதிகளையும் சொல்லச் செய்து, பிள்ளைகளைக் கொண்டே எழுதச் செய்யலாம். குளிர்காலத்தில் சதுப்பு நிலத்துக்கு வந்திறங்கும் பறவைக் கூட்டத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற அந்நிலத்தில், ஒரு பகுதியில் உள்ள நூறு பறவைகளை எண்ணி, அதுபோல் எத்தனை பகுதிகள் என்று கண்டு மொத்தத்தை மதிப்பிடும் முறையைப் பறவை நோக்குவோர் கையாள்கின்றனர். மதிப்பீடு என்னும் கணிதத்துக்கு அதனினும் பெரிய கரும்பலகை வேண்டுவதில்லை. ஊரின் பெயரிலேயே ‘பள்ளி’ உண்டு. அது நான்கு சுவருக்குள் மட்டும் இருக்க வேண்டும் என்பது கட்டாயமில்லை.

இத்தகைய ஒரு மாலையில் அந்த ஆயாவும் பேரனும் வந்தமர்ந்தால், ‘ஏழு பேருக்கு எவ்வளவு அரிசி அளப்பீர்கள்?’ என்று ஆயாவைக் கேட்க வேண்டும். ‘படிக்கு ஓர் ஆழாக்குக் குறைவு’ என்பார். ‘எப்படித் தெரிந்தது?’ என்று கேட்க வேண்டும். அவர் சொல்லச் சொல்லப் பேரன் எழுத வேண்டும். எழுதி முடித்த பின் தன் வீட்டுப்பாட ஏட்டைத் திறந்து, அதே கணக்கு அங்கிருப்பதனை அவனே காண வேண்டும். ‘எனக்கு ஏதுப்பா கணக்கு?’ என்று ஆயா அதன்பின் சொல்லமாட்டார். சொன்னாலும் பேரன் நம்பமாட்டான்.